தரையை நனைக்காத சட்டி

கடலோரத்து உப்பு மணலில் வளர்கிற கொடி, குடிக்கிற தண்ணீரை ஊற்றினால் ஏன் கருகுகிறது? லீமாரோஸுக்கு இது விளங்கவே இல்லை.

கொடி, பாம்பனில் புஷ்பமேரி வீட்டு முன்கூடத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியில் இருந்தது. அடப்பங்கொடி. கிறிஸ்துமஸுக்கு லீமாரோஸ் கொடுத்தது. தை மாதம் முழுக்கச் செழிப்பாக இருந்து ஊதாப் பூக்கள்கூடப் பூத்தது. மாசியில் தவக்காலம் தொடங்கியதும் இலைகளின் ஓரம் பழுப்பாயிற்று. நெருப்பில் காட்டிய காகிதம்போல ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகிக்கொண்டே வந்தது.

தண்ணீர் போதவில்லை என்று முதலில் நினைத்தாள். விரலை மணலுக்குள் விட்டுப் பார்த்தால் ஈரமாக இருந்தது. அதிகமோ என்று ஒரு வாரம் குறைத்தாள். இன்னும் வேகமாகக் கருகியது. பூச்சி இருக்கிறதா என்று இலைகளைத் திருப்பிப் பார்த்தாள், இல்லை. காலை வெயில் ஜன்னல் வழியாக நன்றாகவே விழுந்தது. இதே கொடி தெருமுனையைத் தாண்டினால் கரை முழுக்கக் கிடக்கிறது. அலை வந்து நனைத்துவிட்டுப் போகிறது, ஆடு மிதிக்கிறது, வலையைப் போட்டு இழுக்கிறார்கள். அங்கே ஓர் இலைகூடக் கருகவில்லை.

"நீ கொண்டாந்த கொடி. நீதான் பொறுப்பு," என்றாள் புஷ்பமேரி. "வர்றவுக பாத்தா என்ன நெனப்பாக? இந்த வீட்டுல வச்சது உருப்படலைன்னு சொல்ல மாட்டாகளா?"

புஷ்பமேரி, லீமாரோஸின் கணவன் யாக்கோபுவுடைய அண்ணன் செபஸ்தியானின் மனைவி. கொடி கொடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு வருஷம் முன்னால் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது யாக்கோபுவின் வீடும் வத்தைப் படகும் வலைகளும் போயின. புருஷனும் பெண்டாட்டியும் மணல்மேட்டில் ஒரு தந்திக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று அடங்கியதும் செபஸ்தியான் தன் வத்தையைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்களைத் தேடி ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து கொல்லையில், கருவாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கிய ஓலைச் சாய்ப்பில் இருக்கிறார்கள். யாக்கோபு அண்ணனின் வத்தையில் கடலுக்குப் போகிறான். லீமாரோஸ் மீன் கீறி உப்பு வைக்கிறாள், தண்ணீர் எடுக்கிறாள், கூடம் பெருக்குகிறாள். யாரும் அவளை வேலை செய் என்று சொல்லவில்லை. செய்யாமல் இருந்த ஒரு நாளில், "உடம்பு சரியில்லையாடி?" என்று நான்கு முறை கேட்டார்கள்.

ராமேஸ்வரம் போகிற பாதையில் ஒரு மேட்டில், புயலில் பிழைத்தவர்கள் குடிசை போட்டுக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். பாஸ்குத் திருநாளான ஈஸ்டருக்குள் குடிசைக்குக் கம்பு நடாதவர்களின் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். தனுஷ்கோடி ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்ற சோணையம்மாள் அங்கே குடிசை போட்டுவிட்டாள். தன் குடிசைக்குப் பக்கத்து இடத்தில் ஒரு வலைத்துண்டை விரித்துக் கல் வைத்து, "இது யாக்கோபு பொண்டாட்டிக்கு," என்று காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"நாம எப்பப் போறோம்?" என்று லீமாரோஸ் கேட்காத வாரமில்லை.

"எங்கன?" என்பான் யாக்கோபு, தெரியாதவன்போல.

"மேட்டுக்கு."

"அண்ணங்கிட்ட எப்படிக் கேக்குறது? அன்னிக்கு அவரு வரலைன்னா நம்மளை நண்டு தின்னுருக்கும்."

"கேக்க வேண்டாம். போறோம்னு சொன்னாப் போதும்."

"சொல்றேன். ரெண்டு நாளு மீன் நல்லாப் படட்டும். மனுசன் முகம் தெளிவா இருக்கையில சொல்றேன்."

மீன் நன்றாகப் பட்ட நாட்களும் வந்தன, போயின.

கிறிஸ்துமஸ் அன்று அந்தத் தெருவில் ஒரு வழக்கம். பூசை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரியும் தட்டில் பலகாரம் வைத்துத் துணியால் மூடி, உறவுக்காரர் வீட்டு முன்வாசல் வழியாகப் போவாள். உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். வெறுங்கையோடு போகிறவள் வேலைக்கு வந்தவள். தட்டோடு போகிறவள் விருந்தாளி. தட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது விஷயம்.

லீமாரோஸிடம் மாவும் இல்லை, எண்ணெயும் இல்லை. இருக்கிற மாவும் எண்ணெயும் புஷ்பமேரியுடையவை. அவளுடைய பலகாரத்தை அவளுக்கே கொண்டுபோக முடியாது. அதனால் திருநாளுக்கு முன்னதாக ராமேஸ்வரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து மணலில் நடந்து, தன் வீடு இருந்த இடத்துக்குப் போனாள். வீடு இருந்ததற்கு அடையாளம் ஏதுமில்லை. மணல்மேட்டின்மேல் அடப்பங்கொடி மட்டும் படர்ந்திருந்தது.

இந்தக் கொடி வாழ்கிற விதம் தனி. மற்றக் கொடிகள் ஒரே இடத்தில் வேர்விட்டு அந்த வேரை நம்பியே நீளும். இது அப்படியல்ல. ஆட்டுக்குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த இலை எங்கெங்கே முளைக்கிறதோ, அந்தக் கணுவிலெல்லாம் அடியில் ஒரு வேரையும் இறக்கிக்கொள்ளும். நடுவில் அறுந்தாலும் இரண்டு துண்டும் பிழைக்கும். வேர் இறங்கிய இடத்தில் காற்று கொண்டுவருகிற மணல் தங்கும். தங்கிய மணலின்மேல் மறுபடி கொடி ஏறும். மேடு உண்டாவது அப்படித்தான். லீமாரோஸ் மூன்று கணு உள்ள ஒரு துண்டை வேரோடு தோண்டினாள். பழைய மண்சட்டி ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஓட்டையின்மேல் ஒரு சிப்பியைக் கவிழ்த்து, அந்த இடத்து மணலையே நிரப்பி நட்டாள். சட்டியின் வெளிப்புறம் காவி பூசினாள்.

கிறிஸ்துமஸ் காலையில் அவள் கொல்லைக் கதவு வழியாக வரவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு, சட்டியை வெள்ளைத் துணியால் மூடி இரண்டு கையிலும் ஏந்தி, முன்வாசலில் வந்து நின்றாள்.

கூடத்தில் செபஸ்தியானும், கருவாடு வாங்குகிற ஏர்வாடி வாவு முகம்மதுவும் உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பமேரி அவளைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தாள்.

"ஏடி, கொல்லையிலேருந்து கூடத்துக்கு வர்றதுக்கு ஊரைச் சுத்தி வந்தியா?"

"திருநாளு வாழ்த்து சொல்ல வந்தேன்க்கா," என்று லீமாரோஸ் சட்டியை நீட்டினாள்.

துணியை விலக்கியதும் வாவு முகம்மது குனிந்து பார்த்தார். "அடப்பங்கொடியா! கடக்கரை முச்சூடும் காலுல சிக்குது. இதுக்கு ஒரு சட்டி, சட்டிக்கு ஒரு காவியா?"

"கரையில கெடந்தா கொடி, வீட்டுல வச்சாச் செடி," என்றார் செபஸ்தியான். "உக்காரு லீமா. காப்பி குடி."

லீமாரோஸ் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். குடித்து முடித்ததும், உள்ளேயிருந்து புஷ்பமேரி, "அப்படியே அந்தத் தம்ளருகளையும் கழுவி வச்சிருடி," என்றாள். விருந்து அவ்வளவுதான்.

ஆனாலும் சட்டி கூடத்திலேயே தங்கிவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. திருநாளுக்கு வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் அதைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

"இது தனுஷ்கோடிக் கொடி சாமி," என்றாள் புஷ்பமேரி. "இந்தா நிக்கிறாளே, இவளும் தனுஷ்கோடிதான். ரெண்டையும் நாங்கதான் வச்சுக் காப்பாத்துறோம்."

சாமியார் இருவரையும் ஆசீர்வதித்தார். அதன்பிறகு யார் வந்தாலும் புஷ்பமேரி இதையே சொன்னாள். சொல்லும்போது ஒரு கையால் கொடியையும் மறு கையால் லீமாரோஸையும் காட்டுவாள். காட்டுவதற்கு வசதியாக, ஆள் வருகிற நேரத்தில் லீமாரோஸைக் கூப்பிட்டும் விடுவாள். மன்னாரிலிருந்து வந்த உறவுக்காரர்கள், வலை விற்கிறவர், மணி அடிக்கிற கோயில் பிள்ளை என எல்லோரும் இரண்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது கொடி கருகுகிறது. காட்டுவதற்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு கழிந்து, செவ்வாய்க்கிழமை கொல்லையில் கருவாட்டுத் தொட்டியைக் கழுவப் போன லீமாரோஸ், அதன் அடியைப் பார்த்து நின்றாள். மீனுக்கு உப்பு வைத்து எடுத்தபின் தொட்டியின் அடித் துளையில் செருகிய கட்டையை உருவிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் ஓடிவிடும். அந்த முறை உருவ மறந்துபோயிற்று. மூன்று நாள் வெயிலில் தண்ணீர் வற்றி, தொட்டியின் அடியிலும் சுவரிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதே வெள்ளையை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். கூடத்துச் சட்டியின் வெளிப்புறத்தில், காவிக்குமேல். சனிக்கிழமைதோறும் புஷ்பமேரி அதைத் துணியால் துடைக்கச் சொல்வாள். சுவர்ச் சுண்ணாம்பு படிகிறது என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்ச் சட்டியின் விளிம்பைத் தடவி விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

கொல்லைக் கிணற்றுத் தண்ணீர், புயலில் கடல் ஏறி இறங்கியதிலிருந்து லேசாகக் கரித்தது. குடிக்கலாம், பருப்பு வேகத்தான் நேரமாகும். அந்தத் தண்ணீரில் அரைச் செம்பு தினமும் சட்டிக்குள் போகிறது. இலையும் காற்றும் வெயிலும் அதில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். உப்பை யாரும் எடுப்பதில்லை. ஒரு நாள் உப்பு ஒரு சிட்டிகைகூட இராது, நாக்குக்கே தெரியாது. ஆனால் நேற்றைய சிட்டிகை போகாமல் இருக்கும்போதே இன்றைய சிட்டிகை வந்து சேருகிறது. உப்பளத்தில் செய்வதும் இதுதான்: தண்ணீரை விடு, மடையை அடை, வெயில் பார்த்துக்கொள்ளும். கடற்கரை மணலில் அப்படிச் சேராது. மழை பெய்தால் உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். எவ்வளவு அலை அடித்தாலும் இறங்க வழி இருக்கிறது.

ஆனால் சட்டியிலும் வழி இருக்கிறதே! ஓட்டையை அவள் தன் கையால் போட்டாள்.

சட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஓட்டையில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசியிருந்தது. வத்தையின் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கிற அதே வேலை. பூசி முடித்த இடத்தில் கட்டைவிரலைச் சாய்த்து அழுத்திய தடம். அந்தத் தடம் அவளுக்குத் தெரியும். புயலில் போன தங்கள் வத்தையின் ஒவ்வொரு பலகையிலும் அது இருந்தது.

யாக்கோபு கரையிலிருந்து வந்து சாய்ப்பில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"கூடத்துச் சட்டியை யாரு அடைச்சது?"

"நாந்தான். தை பொறக்குறதுக்கு முந்தி, மூணு ராசாக்கள் திருநாளன்னிக்கு. தண்ணி ஒழுகித் தரையெல்லாம் கறைன்னு மதினி சத்தம் போட்டாக. புதுசாப் போட்ட செவப்புச் சிமெண்டுத் தரையில்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"ஓட்டைன்னா அடைக்கணும். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? வத்தையில தண்ணி வந்தா உன்னையக் கேட்டுட்டா அடைக்கிறேன்?"

"வத்தையில தண்ணி உள்ள வரக்கூடாது. செடிக்குத் தண்ணி வெளிய போகணும்."

அவன் சற்று யோசித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. "சரி, தெரியாமப் பண்ணிட்டேன்," என்றான். பிறகு, "நல்லா அடைச்சிருந்தேன்ல? ஒரு சொட்டுக் கசியலையே," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மூன்று மாதமாகச் சட்டிக்கு அடியில் இருந்த சின்னத் தட்டு காய்ந்தே இருந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். கொடி தண்ணீரையெல்லாம் குடித்துவிடுகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். அந்த நினைப்பு அவளை அதிகமாக வாட்டியது.

மறுநாள் புஷ்பமேரி கோயிலுக்குப் போனபின், ஆணியால் குங்கிலியத்தைக் குத்திப் பஞ்சை உருவினாள். சட்டியை இரண்டு செங்கல்மேல் வைத்து, மழையில் பிடித்துவைத்த பானைத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கலங்கலாக ஒழுகியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கடலைவிட அதிகமாகக் கரித்தது. இரண்டாவது செம்பில் கடல் மாதிரி. இன்னும் ஊற்ற ஊற்றக் கிணற்றுத் தண்ணீர் அளவுக்கு வந்தது. சிவப்புத் தரையில் தண்ணீர் ஓடி, காய்ந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு போட்டது.

புஷ்பமேரி அந்த நேரத்தில் முக்காட்டோடு உள்ளே வந்தாள்.

"அடிப் பாவி! தரையைப் பாருடி!"

"கொடி பொழச்சுக்கும்க்கா. உப்பு சேந்துதான் கருகியிருக்கு. அடியில வழி விட்டா..."

"சோறு போட்ட வீட்டுல ஓட்டை போடுறா பாரு! அத்தனையும் கறை. நாளைக்குப் பெரிய வியாழன், நாலு பேரு வர்ற வீடு."

சத்தம் கேட்டுச் செபஸ்தியான் வந்தார். பின்னாலேயே யாக்கோபுவும் வந்து நிலைப்படியில் நின்றான்.

"அடியில பெருசா ஒரு தட்டு வச்சா முடிஞ்சது. இதுக்குப் போயி..." என்றார் செபஸ்தியான்.

"தட்டுல நின்னா அந்த உப்புத் தண்ணியை மண்ணு மறுபடி மேல உறிஞ்சிரும்," என்றாள் லீமாரோஸ், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு நீங்க வக்கீலா?" என்று புஷ்பமேரி புருஷனைக் கேட்டாள். செபஸ்தியான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். அவள் நிலைப்படிப் பக்கம் திரும்பினாள். "தம்பி, போயிப் பஞ்சை எடுத்துட்டு வாங்க. இப்பவே அடைங்க."

யாக்கோபு லீமாரோஸைப் பார்த்தான். பிறகு கொல்லைக்குப் போனான். குங்கிலியம் காய்ச்சுகிற வாசம் கூடம் வரைக்கும் வந்தது.

லீமாரோஸ் அடுப்புக்கு எதிரே போய் நின்றாள்.

"அடைக்கப் போறீங்களா?"

"இப்போதைக்கு அடைக்கிறேன். திருநாளு முடியட்டும். அப்புறம் மெதுவா எடுத்துக்கலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்குத் தெரியாதா லீமா? எல்லாந் தெரியுது. ஆனா சொல்றாகள்ல."

"மேட்டு விசயமும் அப்புறந்தானா?"

அவன் கரண்டியால் குங்கிலியத்தைக் கிண்டினான். அது கொதிக்க ஆரம்பித்திருந்தது, விட்டால் தீய்ந்துவிடும்.

அவள் சாய்ப்புக்குள் போய் இரண்டு சேலையையும் ஒரு சோற்றுச் சட்டியையும் அரிவாளையும் பாயில் சுருட்டினாள். வெளியே வந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கன போற?"

"கம்பு நடப் போறேன். சோணையம்மா பக்கத்துல."

"ஒத்தையிலயா? ஊரு என்ன சொல்லும்?"

"நீங்களும் வாங்க."

"நான்... நீ போயிரு. பின்னாடி வாரேன்."

எப்போது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஒரு நாளைச் சொல்வான். சொன்ன நாளை அவள் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

முன்வாசலுக்குப் போகக் கூடத்தில் நுழைந்தபோது புஷ்பமேரி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாய்ச் சுருட்டைப் பார்த்ததும் துணியைப் பிழிந்தபடி, "கொடியையும் தூக்கிட்டுப் போறியாக்கும்?" என்றாள்.

"குடுத்ததைத் திருப்பி எடுக்க மாட்டேன்க்கா. அது உங்களுது," என்றாள் லீமாரோஸ். கோபமாக அல்ல, குழம்புக்குப் புளி எவ்வளவு என்று சொல்கிறவள்போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அடி ஓட்டையை அடைக்கக் கூடாது. சட்டியை ரெண்டு செங்கலு மேல வைங்க, கீழ தட்டு வேண்டாம். வாரம் ஒருக்கா மழைத்தண்ணியா ஊத்துங்க, கீழ ஒழுகுறது நாக்குக்குக் கரிக்காம வர்ற வரைக்கும். தரை நனையும். நனையட்டும், துடைச்சுக்கலாம்."